மலை ஏறிய கால்களும் சீனிக் கணக்கும்

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த என் பெரியம்மாவோடு கிளினிக்குக்குப் போயிருந்தேன். காலை ஆறரைக்கே நம்பர் எடுத்து, பதினொரு மணிக்குத்தான் உள்ளே போனோம். கொப்பியைப் புரட்டிய இளம் வைத்தியர், வெறும் வயிற்றில் சீனி 168 என்று சொல்லிவிட்டு, "தினமும் அரை மணித்தியாலம் நடங்க அம்மா" என்றார். பெரியம்மா தலையை ஆட்டினார். வெளியே வந்து மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போதுதான் கேட்டார்: "நடக்காமலா இத்தனை வருஷம் இருந்தேன்? மலை ஏறுனவளுக்கு எப்படிடா சீனி வந்துச்சு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. படியேறுவது உடல் எடையைக் குறைக்கும், இரத்தச் சர்க்கரையை அடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிறந்ததிலிருந்து படியிலேயே வாழும் சனத்துக்கு அது எவ்வளவு உண்மை? தேடித் தேடிப் படித்ததில் விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திம்புள்ளத் தேயிலைப் பிரதேசம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடிக்கும் 5,500 அடிக்கும் இடையில் கிடக்கிறது. தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று எங்கே போனாலும் சமதரை என்பது தொழிற்சாலை முற்றமும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களமும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலும் மட்டுந்தான். மேட்டு லயம், பணிய லயம் என்று வீடுகளுக்கே ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பெயர். தண்ணீர்க் குழாய்க்குப் படி, கடைக்குப் படி, பிள்ளை மடுவத்துக்குப் படி, கோயிலுக்குப் படி. பிரட்டு முடிந்து மலைக்கு ஏறி, நிரை பிடித்து, கூடை நிறைய நிறைய நிறுவைக்கு இறங்கி, மறுபடி ஏறி, பல தோட்டங்களில் கேட்கும் 18 கிலோவைக் கொடுத்து முழுநாள் சம்பளத்துக்கான பேர் வாங்கும் பெண் ஒரு நாளில் எத்தனை படி ஏறினாள் என்று யாரும் எண்ணுவதில்லை. கொழுந்துக்குத்தான் தராசு இருக்கிறது.

இந்தப் பெண்களைச் சுற்றியிருக்கும் நாடு நீரிழிவில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது, நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. 2018–2019 ஆண்டுகளில் நடந்த இலங்கை சுகாதார, முதுமை ஆய்வு 23 வீதம் என்றது. அதற்கு மேலும் 30.5 வீதமானோர் நீரிழிவின் வாசற்படியில் நின்றார்கள். இரண்டும் ஒரே முறையில் அளந்தவை அல்ல என்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்ப்பது சரியாகாது. ஆனாலும் இரண்டாவது கணக்கின்படி நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வளர்ந்தோரின் இரத்தத்தில் சீனி இருக்கவேண்டிய அளவில் இல்லை. பக்கத்திலுள்ள தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 வீதம் என்று 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு சொல்கிறது.

படியேற்றம் இதில் எங்கே உதவுகிறது என்பதை விளங்கிக்கொள்ளத் தசையிலிருந்து தொடங்கவேண்டும். சோறோ ரொட்டியோ சாப்பிட்டால் அதிலுள்ள மாச்சத்து குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்கிறது. ஒரு மணி, ஒன்றரை மணித்தியாலத்தில் அளவு உச்சத்துக்கு ஏறும். அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசைதான். அந்தக் களஞ்சியத்தின் கதவுக்கு இன்சுலின்தான் திறப்பு. இரண்டாம் வகை நீரிழிவில் அந்தத் திறப்பு பூட்டில் சரியாகத் திரும்பாது. ஆனால் கதவுக்கு இன்னொரு வழி உண்டு. தசை சுருங்கி வேலை செய்யும்போது, குளுக்கோசை உள்ளே கொண்டுபோகும் குளுட்-4 என்ற புரதம் இன்சுலினை எதிர்பார்க்காமலேயே தசைக் கலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. படியேறும்போது உடம்பின் முழுப் பாரத்தையும் ஒவ்வொரு காலாக மேலே தூக்குபவை அவைதான். சமதரை நடையில் அவை பாதி தூக்கத்திலேயே வேலையை முடித்துவிடும்.

ஜப்பானில் ஹொண்டா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றை எங்கள் கிளினிக் சுவர்களில் ஒட்டிவைக்கலாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 16 பேரை அவர்கள் எடுத்தார்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து 21 படி ஏறி, மெதுவாக இறங்கி, அப்படியே ஆறு தடவை. மொத்தம் மூன்று நிமிடம். இரண்டாவது மணித்தியாலத்தில் இன்னொரு மூன்று நிமிடம். சும்மா உட்கார்ந்திருந்த நாளோடு ஒப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் இரண்டரை மணித்தியாலத்தில் அவர்களின் சீனி தெளிவாகவே குறைந்திருந்தது. 16 பேர் சிறிய தொகைதான். அன்றைய சாப்பாட்டுக்கு அன்றைய பலன் என்பதைத் தாண்டி இந்த ஆய்வு எதையும் காட்டவில்லை. ஆனாலும் சட்டை மாற்றத் தேவையில்லை, மைதானம் தேவையில்லை, மூன்று நிமிடம் போதும் என்பது ஏழை நோயாளிக்குச் சின்ன விஷயமில்லை.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இறங்குவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது இறக்கம்தான். ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மலைப் பகுதியில் ஹைன்ஸ் ட்ரெக்சல் என்ற வைத்தியர் உடலுழைப்பு இல்லாத 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு மாதம் அவர்கள் மலையில் ஏறிப்போய்க் கேபிள் காரில் இறங்கினார்கள். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறிப்போய் நடந்து இறங்கினார்கள். இரண்டிலுமே கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறைந்தது. ஏறிய மாதங்களில் சாப்பாட்டுக் கொழுப்பு இரத்தத்திலிருந்து சீக்கிரம் நீங்கியது. இறங்கிய மாதங்களில் சீனியைக் கையாளும் திறன் கூடியது. மூச்சு வாங்காத, வியர்வை சொட்டாத இறக்கம்தான் சீனிக்கு நல்லது செய்தது! தாய்வானில் பருமனான வயோதிபப் பெண்கள் 30 பேரை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. பன்னிரண்டு வாரம் ஒரு குழு படியில் ஏறி லிப்டில் இறங்கியது; மற்றக் குழு லிப்டில் ஏறிப் படியில் இறங்கியது. இன்சுலினுக்கு உடல் பணியும் தன்மை, கால் வலு, எலும்பின் உறுதி எல்லாவற்றிலும் இறங்கியவர்களே முன்னால் நின்றார்கள்.

காரணம் தசை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. குறைந்த மூச்சில் கூடுதல் பாரத்தைச் சுமக்க அந்த முறையால் முடியும். அதனால்தான் பழக்கமில்லாதவருக்கு இறக்கம் வலியைக் கொடுக்கிறது. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறிவிட்டு, ஏறத்தாழ 5,500 படிகளையும் இறங்கி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வலி இருக்கும் ஒன்றிரண்டு நாளில் தசை சீனியை வாங்குவது தற்காலிகமாகக் குறையவும் செய்யும். பழகப் பழகத்தான் பலன். மலையில் ஒருநாள் இறங்குவதால் சீனி குறையாது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் குறையும்.

எடை விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் அளவுக்கு மீறிய வாக்குறுதிகள் கொடுக்கப்படுகின்றன. சிங்கப்பூரில் டெ, அசீஸ் ஆகியோர் அளந்து 2002இல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு படி ஏற 0.11 கலோரி செலவாகிறது, ஒரு படி இறங்க 0.05. பணிய லயத்திலிருந்து உச்சி மலைக்கு 900 படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கினால் 144 கலோரி. நாளுக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சீனியில் மட்டும் 120 கலோரி. மலையை ஒருமுறை ஏறி இறங்கிச் செலவழித்தது பெரும்பாலும் சாயத்தண்ணிக் கோப்பையிலேயே திரும்ப வந்துவிடுகிறது. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 360 கலோரி இருக்கிறது. இரவு ரொட்டிக்கு அதைவிடக் கூடவே பிசைவோம்.

ஜெனீவாவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஊழியர்கள் 69 பேர் பன்னிரண்டு வாரம் லிப்டைத் தொடாமல் படியையே பாவித்தார்கள். உடலின் தாங்குதிறன் 8.6 வீதம் கூடியது, இடுப்புச் சுற்றளவு 1.8 வீதம் குறைந்தது. எடை குறைந்தது 0.7 வீதம்தான், 70 கிலோ மனிதருக்கு அரைக் கிலோ. தராசை மட்டும் பார்ப்பவர் மூன்றாவது வாரத்திலேயே மனம் உடைந்து லிப்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் தாங்குதிறனையும் இடுப்பையும் பார்த்திருக்கவேண்டும்.

எடை குறையாமலே சீனி அடங்கும் என்பதற்கு நம்மவரின் மிகப் பெரிய சான்று சென்னையிலிருந்து வருகிறது. வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டிலும் நடையிலும் மாற்றம் செய்யச் சொன்னார்கள். மூன்று வருடத்தில், ஒன்றும் செய்யாத குழுவில் 55 வீதமானோருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கை முறையை மாற்றிய குழுவில் 39.3 வீதம். இந்தப் பலன் எடை குறையாமலே கிடைத்தது. எடையும் சீனியும் இரண்டு தனித்தனிக் கொப்பிகள். படிக்கட்டு எழுதுவது பெரும்பாலும் இரண்டாவது கொப்பியில்.

அப்படியானால் பெரியம்மாவின் கேள்வி இன்னும் கடினமாகிறது. படி இவ்வளவு நல்லது என்றால் முப்பத்தைந்து வருடப் படி என்ன ஆனது?

இந்தக் கேள்வி 1950களிலேயே லண்டனில் வேறு உருவில் எழுந்தது. ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் இரட்டைத்தட்டு பஸ் ஊழியர்கள் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, நாளுக்கு ஏறத்தாழ 600 படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பிறகு அவரே சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் கால்சட்டை இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. படி ஏறியதால் நடத்துநர் மெலிந்தாரா, மெலிந்தவர்தான் நடத்துநர் வேலைக்கு வந்தாரா? தன் கண்டுபிடிப்பையே இப்படித் திருப்பிப் பார்த்த அந்த மனிதரின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். படியைப் பற்றிய இன்றைய பெரிய ஆய்வுகளையும் அதே எச்சரிக்கையோடுதான் வாசிக்கவேண்டும்.

டென்மார்க்கின் அண்ட்ரெயாஸ் ஹோல்டர்மனும் அவருடைய கூட்டாளிகளும் வேலைக்காக உழைக்கும் உடம்பு வேறு, நலத்துக்காக உழைக்கும் உடம்பு வேறு என்று பல வருடமாகக் காட்டி வருகிறார்கள். விரும்பி ஓடுபவர் களைத்தால் நிற்கலாம். கூலிக்குச் சுமப்பவர் நிற்க முடியாது. வேலை எட்டு மணித்தியாலம் நீள்கிறது. இதயத்தை வலுப்படுத்தும் வேகம் அதில் இல்லை, ஆறுவதற்கு இடைவெளி இல்லை, பாரம் தூக்குவதால் இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது. திம்புள்ள மலையில் மழையிலும் படங்கைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணை நினைத்துப் பார்த்தால் இதற்கு டென்மார்க் வரை போகவே வேண்டாம். அவளுடைய ஏற்றத்தை உடற்பயிற்சி என்று சொல்வது தவறு. அதேநேரம் அவளுடைய கால் தசை அத்தனை வருடமும் சீனியை வாங்கிக்கொண்டுதான் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அவளுக்குச் சரியான பதில் சொல்ல முடியும்.

அவளுக்குச் சீனி எப்போது வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். பெரியம்மாவுக்குச் சேமலாபப் பணம் எடுத்து வேலையிலிருந்து நின்ற இரண்டாம் வருடம் வந்தது. நின்ற அன்றோடு மலை நின்றது. ரொட்டியின் எண்ணிக்கை நிற்கவில்லை. மலை ஏறும் உடம்புக்குப் பிசைந்த அதே மாவு, அதே சம்பல், அதே சீனித் தேத்தண்ணி. கடைக்குப் போக த்ரீவீல் வந்துவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பிரித்தானியாவில் ஏறத்தாழ 4,50,000 பேரின் தரவுகளை வைத்து 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, நாளுக்கு 50 படிக்கு மேல் ஏறுபவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோயின் ஆபத்து ஏறத்தாழ 20 வீதம் குறைவு என்றது. அதே ஆய்வில் முதலில் ஏறிக்கொண்டிருந்து பிறகு நிறுத்தியவர்களுக்கு, எப்போதுமே ஏறாதவர்களைவிட ஆபத்து கூடுதலாக இருந்தது. நோய் வந்ததால் நிறுத்தியிருக்கவும் கூடும். ஆனாலும் எங்கள் லயங்களில் வேலை நின்ற பெண்களை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் அந்த வரி நெஞ்சில் தைக்கும்.

கொழும்புக்குக் கடை வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போன பிள்ளைகளுக்கு மலை ஏறுவது இருபது வயதிலேயே நின்றுவிடுகிறது. அவர்களைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்படக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில் தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். நாட்டுச் சராசரி 17.3. வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும் பசித்து வளர்ந்த உடம்பு, பின்னால் தாராளமான மாச்சத்தைச் சந்திக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது என்பதைப் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். அவரும் ஜோன் யட்கின் என்ற ஆங்கிலேய வைத்தியரும் சேர்ந்து எடுத்த படமொன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. ஒல்லியாக இருக்கிறோம், நமக்குச் சீனி வராது என்று நினைக்கும் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும். ஆசியருக்குக் குறியீடு 23 தாண்டினாலே கவனம் தேவை. இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது. ஒரு தையல் டேப் போதும், கிளினிக்குக்கே போகத் தேவையில்லை.

எல்லோரும் ஓடிப்போய்ப் படி ஏறிவிடவும் கூடாது. முழங்காலுக்குள் அளவுகோல் பொருத்தி ஜேர்மனியில் செய்த ஆய்வில், படி ஏறும்போது முட்டியில் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழுந்தது. இறங்கும்போது அது மூன்றரை மடங்கை நெருங்கியது. கூடை சுமந்து தேய்ந்த முட்டிக்கு இது சின்னப் பாரமில்லை. வலி உள்ளவர்கள் கைப்பிடி பிடித்து, குறைந்த படியில், மெதுவாகச் செய்யவேண்டும். கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏறினால் சீனி அளவுக்கு மீறி இறங்கி நடுங்கி விழலாம். மடியில் கொஞ்சம் சீனியோ டொபியோ இருக்கவேண்டும். பல வருடச் சீனி உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் மாரடைப்பு வருவதுண்டு. சிவனொளிபாத மலை நேர்த்திக்கடன் இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப்போனவர் ஈரக் கல்படியில் செருப்பில்லாமல் கால் வைக்கவே கூடாது, கோயில் படியாக இருந்தாலும்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மலையகக் கிளினிக்கில் "நடங்க" என்று சொல்வதற்கு முன்னால், "என்ன வேலை செய்யிறீங்க, எப்ப நின்னீங்க" என்று கேட்கவேண்டும். மலையில் இருப்பவளுக்கு ஓய்வும் சத்துள்ள சாப்பாடும் தேவை; அவளிடம் நடை கேட்பது அநியாயம். மலையிலிருந்து நின்றவளுக்குத்தான் படி தேவை, அதுவும் சாப்பிட்ட பிறகு, சின்னச் சின்ன அளவில். சேமலாபப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் அதே வாரத்தில் அவளுடைய சீனியைப் பார்க்கத் தோட்டமும் சுகாதாரத் திணைக்களமும் ஏற்பாடு செய்யலாம். ஒரு சொட்டு இரத்தம்தானே.

பெரியம்மாவிடம் ஜப்பான் கதையைச் சொன்னேன். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு 28 படி. பகல் சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து ஐந்து தடவை ஏறி, மெதுவாக இறங்கச் சொன்னேன். முதல் வாரம் இரண்டு தடவைக்கே தொடை வலித்தது. மாத்திரையை விடவில்லை. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி ஒன்றானது. இப்போது பணிய லயத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூவரும் மலையிலிருந்து நின்றவர்கள். போன கிழமை போன் எடுத்தபோது சீனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேலேயிருந்து எட்டாவது படியில் பாசி பிடித்திருக்கிறதாம், இறங்கும்போது வழுக்குகிறதாம். ஒரு பக்கமாவது கைப்பிடிக் குழாய் போட்டுத் தரச் சொல்லிக் கோயில் கமிட்டியிடம் கேட்டிருக்கிறார்களாம்.